ஆஸ்கர் கணிப்பு: திரைவிழாவை நம்புவதா, சங்க விருதுகளையா?

எந்தப் படம் ஆஸ்கர் போட்டிக்கு வரும், எது வெல்லும் என்று யோசிப்பவர்களுக்கு இரண்டு துப்புகள் உண்டு: ஒன்று திரைவிழாக்கள், இன்னொன்று அமெரிக்கத் தயாரிப்பாளர் சங்கம் தரும் விருது.

காலம்: வெனிஸ், டொராண்டோ விழாக்கள் செப்டம்பருக்குள் பேச்சைக் கிளப்பிவிடும். தயாரிப்பாளர் சங்க விருது வரும்போது ஆஸ்கருக்குச் சில வாரங்களே பாக்கி. அப்புறம் கணித்து என்ன பெருமை?

நம்பகம்: 2012 முதல் 2023 வரை டொராண்டோவில் ரசிகர் விருது பெற்ற ஒவ்வொரு படமும் சிறந்த படத்துக்கான பரிந்துரையைப் பெற்றது. பரிந்துரைதான், வெற்றி அல்ல. டொராண்டோவில் வென்றும் சிறந்த படத்துக்கான ஆஸ்கரைக் கோட்டைவிட்ட 'லா லா லேண்ட்' ஞாபகம் இருக்கும். 2024இல் அந்தத் தொடரும் அறுந்தது. தயாரிப்பாளர் சங்கமோ, ஆஸ்கர் தரும் அகாடமி போலவே, படங்களைப் பிடித்த வரிசையில் அடுக்கும் விருப்ப வரிசை முறையில் சிறந்த படத்துக்கு வாக்களிக்கிறது. 'கோடா' ஆஸ்கர் வெல்லும் என்பதை அது முன்கூட்டியே காட்டியது. ஆனாலும் '1917'க்குக் கொடுத்து, ஆஸ்கர் வென்ற 'பாரசைட்'டைத் தவறவிட்டது.

ஓட்டை: சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வென்ற 'ஓப்பன்ஹைமர்' விழா பக்கமே போகாமல் ஜூலையில் நேராகத் திரைக்கு வந்தது. விழாவை மட்டும் பார்த்தவர்கள் கோட்டை விட்டிருப்பார்கள்.

சரி, எது யாருக்கு? பரிந்துரைப் பட்டியலை முன்கூட்டியே ஊகிக்க டொராண்டோ. நண்பர்களோடு பந்தயம் என்றால் சங்க விருது வரும்வரை வாயைத் திறக்காதீர்கள்.