கடலூர் வெயிலில் மூன்று வருடம்: என் ட்ரோன் பேட்டரிகள்

ஒரே நாளில், ஒரே மாதிரி இரண்டு லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி வாங்கினேன். 4எஸ், அதாவது வரிசையாக நான்கு செல்; 1500 எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர்-மணி) கொள்ளளவு; 100சி, அதாவது கொள்ளளவைப் போல் நூறு மடங்கு மின்னோட்டம் தருமாம். மூன்று வருடம் ஆகிறது. ஒன்று இன்னும் பறக்கிறது. மற்றது இரண்டாவது கோடையிலேயே பூரி மாதிரி உப்பிவிட்டது.

வாங்கும்போது நான் மயங்கியது அந்த 100சி-யில்தான். 1500 எம்ஏஹெச்சுக்கு 1சி என்றால் 1.5 ஆம்பியர்; அதை நூறால் பெருக்கினால் 150 ஆம்பியர். நிஜமாகவே அப்படி இழுத்தால் 36 நொடியில் பேட்டரி காலி! சில்வர் பீச்சில் விடியற்காலையில் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து சார்ஜ் போட்டால், உள்ளே போவது 1200 எம்ஏஹெச் சொச்சம். அப்படியானால் சராசரி 14, 15 ஆம்பியர், 10சி-தான். சடாரென்று மேலே தூக்கும்போது பல மடங்கு எகிறும், சரி. ஆனாலும் லேபிளில் இருக்கும் சி கணக்கை நான் இப்போது நம்புவதில்லை. சார்ஜர் காட்டும் அகத்தடையைத்தான், அதாவது பேட்டரிக்குள்ளேயே இருக்கும் மின்தடையைத்தான் பார்க்கிறேன்; அது ஏற ஏற பேட்டரி தேய்கிறது என்று அர்த்தம். புதிதில் செல்லுக்கு 4 மில்லி ஓம் இருந்தது, இப்போது 11.

உப்பியது என் தப்பு. ஒரு சித்திரை மாத சனிக்கிழமை இரவு இரண்டையும் செல்லுக்கு 4.2 வோல்ட் வரை ஏற்றிவைத்தேன். காலையில் சரியான காற்று. ஒன்றை மட்டும் பறக்கவிட்டுத் திரும்பினேன். மற்றது முழு சார்ஜோடு, சிமெண்ட் ஷீட் போட்ட மாடி அறையில் ஐந்து வாரம் கிடந்தது. முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகும். வெளியே இருப்பது மெல்லிய உறைதானே, உப்பிக்கொண்டது. கட்டைவிரலால் அழுத்தினால் மெத்தென்றிருந்தது. அதோடு அதைத் தொடவில்லை.

"ஃபுல்லா ஏத்தி வெச்சா நல்லதுதானடா?" என்றார் அப்பா. தானே புயலுக்கு அப்புறம் வாங்கிய இன்வெர்ட்டர் பழக்கம். இன்வெர்ட்டரில் இருக்கும் ஈய-அமில பேட்டரிக்கு அவர் சொல்வது சரி. லிப்போவுக்கு நேர் எதிர்: சும்மா வைப்பதென்றால் செல்லுக்கு 3.8 வோல்ட், 4எஸ்ஸுக்கு 15.2. சார்ஜரில் 'ஸ்டோரேஜ்' என்று தனியாகவே இருக்கிறது. அதுவரை நான் தொட்டதே இல்லை.

மற்றபடி எப்போதும், எல்லா செல்லையும் சமமாக ஏற்ற உதவும் பேலன்ஸ் வயரைச் செருகித்தான் சார்ஜ் போடுகிறேன், 1.5 ஆம்பியரில். 5சி வரை ஏற்றலாம் என்று லேபிள் சொல்கிறது; அவ்வளவு அவசரம் எனக்கில்லை. ட்ரோனை இறக்கியதும் பேட்டரியைச் சூட்டோடு சார்ஜ் போடுவதில்லை. பறக்கும்போது செல்லுக்கு 3.5 வோல்ட் வந்தால் ட்ரோனை இறக்கிவிடுவேன்.

மிச்சமிருக்கும் பேட்டரி இப்போது மூன்றரை நிமிடம்தான் தாங்குகிறது. த்ராட்டிலைத் தூக்கினால் உடனே வோல்ட் இறங்கி அலாரம் அடிக்கிறது. மணல்மேல் ஓட்டுகிறேன், அலைக்கு மேல் கொண்டுபோவதில்லை.