புளியா, தக்காளியா, மோரா, மாங்காயா: குழம்புக்கு எந்தப் புளிப்பு?

“இன்னைக்கும் சாம்பார்தானா?” என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் நான் காயை மாற்றிக்கொண்டிருந்தேன். முருங்கைக்காய் போய்க் கத்தரிக்காய் வந்தது, அது போய் முள்ளங்கி வந்தது. கேள்வி மட்டும் நிற்கவில்லை. காய் எதுவானாலும் சட்டியில் கொதிப்பது அதே புளித்தண்ணீர்தானே! அதன் பிறகு புளிப்பை மாற்ற ஆரம்பித்தேன். சாப்பாட்டு ருசி மாறியது அங்கேதான்.

முதலில் புளி. நான்கு பேருக்குச் சின்ன எலுமிச்சை அளவு போதும். பழம்புளி என்றால் நிறமும் அழுத்தமும் கூடும்; மாசி, பங்குனியில் வரும் புதுப்புளியில் குழம்பு கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும். நல்லெண்ணெயில் சுண்டைக்காய் வத்தலைப் பொரித்துப்போட்டு, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை சுண்டவிட்ட வத்தக்குழம்பு மறுநாள் இன்னும் ருசிக்கும். இந்த விஷயத்தில் மற்ற மூன்றும் புளிக்குக் கிட்டவே வராது. ஆனால் பச்சை வாசனை போகப் பத்து நிமிடமாவது கொதிக்க வேண்டும். காய் வேகும் முன் புளியை ஊற்றினால் காய் விறைத்துக்கொள்ளும். வெண்டைக்காய்க்கு மட்டும் அதுவே நல்லது: குழையாது, கொழகொழப்பும் அடங்கும்.

தக்காளி அவசரத்துக்கு உதவும். கரைக்க வேண்டாம், வடிகட்ட வேண்டாம். ஆனால் அதன் புளிப்பை நம்ப முடியாது. நாட்டுத் தக்காளி நன்றாகப் புளிக்கும். பெங்களூர் தக்காளியில் சதைதான் அதிகம். விலையும் அப்படித்தான். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிய நாட்களில் தக்காளிக் குழம்பை நினைத்தே பார்க்கவில்லை. ரசத்தில் புளியோடு சேரும்போது அருமை. தனியாக ஒரு குழம்பைத் தாங்கும் பலம் அதற்குக் குறைவு என்பதே என் எண்ணம்.

அடுத்தது மோர். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான், பலர் பயந்து ஒதுக்குவதும் இதுதான். ஒரு ஸ்பூன் துவரம்பருப்பு, ஒரு ஸ்பூன் பச்சரிசி இரண்டையும் அரை மணி நேரம் ஊறவைத்து, தேங்காய், பச்சை மிளகாய், சீரகம், ஒரு துண்டு இஞ்சியோடு மைய அரைக்க வேண்டும். மோரைத் திரியாமல் பிடித்து வைப்பது அந்த அரிசியும் பருப்பும்தான். வெண்பூசணியை உப்பு, மஞ்சளோடு தனியாக வேகவைத்து, அரைத்த விழுதைச் சேர்த்துப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, அடுப்பைத் தணித்துவிட்டுக் கடைந்த புளித்த மோரை ஊற்றுங்கள். அப்புறம் அடுப்பை விட்டு நகரக்கூடாது. முதலில் ஓரத்தில் வெள்ளைப் பொரிப்பொரியாக நுரை கட்டும், மெல்ல நடுவை நோக்கி வரும். நுரை நடுவில் கூடும் அந்த நேரத்தில் இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். கடைசியாகத் தேங்காயெண்ணெயில் கடுகு, வெந்தயம், மோர்மிளகாய் தாளித்துக் கொட்டினால் அந்த வாசனைக்கே பிள்ளைகள் தட்டை எடுத்துவந்து உட்காருவார்கள். குறை என்றால் ஒன்று உண்டு: மறுபடி சுடவைக்க முடியாது, அன்றைக்கு வைத்ததை அன்றைக்கே தீர்க்க வேண்டும்.

மாங்காய் கோடைக்கு மட்டும். பருப்பு வெந்த பிறகு தோலோடு துண்டுகளைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும். புளியைப் பாதியாகக் குறையுங்கள். மாங்காய் ரொம்பப் புளித்தால் புளியே வேண்டாம். எலுமிச்சையைக் குழம்புப் பக்கம் கொண்டுவரவே மாட்டேன், கொதித்தால் கசக்கும். ரசத்தை இறக்கிவைத்த பிறகு பிழிந்தால் சரி.

தொட்டுக்கொள்ள என்ன என்பதையும் சேர்த்துத்தான் நான் முடிவு செய்வேன். வத்தக்குழம்புக்குச் சுட்ட அப்பளமும் பருப்புத் துவையலும் போதும், கூடவே வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டாம் நாள் சமையலும் மிச்சம். மோர்க்குழம்பில் காரம் குறைவு, அதனால் பருப்பு உசிலியோ நன்றாக முறுகிய உருளைக்கிழங்கு வறுவலோ பக்கத்தில் வேண்டும். நேரம் இருக்கிற நாளில் இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், நான் மோர்க்குழம்பைத்தான் சொல்வேன். முந்தாநாள் தயிர் நன்றாகப் புளித்து நிற்கிறது. நாளைக்கு ஒரு கீற்று வெண்பூசணி வாங்கிவர வேண்டும்.