ஒரே போர்ட்டில் இரண்டு ஐபி: எந்த வழி நல்லது?

திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் பல்லடம் பக்கத்துத் தறிக்கூடங்களிலும் இந்தத் தேவை அடிக்கடி வரும். ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் 10.0.0 வரிசையில் (10.0.0 என்று தொடங்கும் ஐபி முகவரிகளில்) ஓடும். புதிதாக வாங்கிய கைரேகை அட்டெண்டன்ஸ் மெஷின் 192.168.1 வரிசையில் வந்து இறங்கும். லினக்ஸ் சர்வரில் இருப்பது ஒரே நெட்வொர்க் போர்ட். அதற்கே இரண்டாவது ஐபி கொடுத்தால் இரண்டு பக்கமும் பேசலாம். அதை எப்படிக் கொடுப்பது?

பழைய ஆட்கள் ஐஎஃப்கான்ஃபிக் கட்டளையில் 'ஈத்0:0' என்று ஒரு துணைப் பெயர் வைப்பார்கள். இன்றும் வேலை செய்யும், ஆனால் புதிய லினக்ஸ் பலவற்றில் அந்தக் கட்டளையே முன்கூட்டி இருக்காது. அதைவிடச் சிக்கல், இப்படித் துணைப் பெயர் (லேபிள்) இல்லாமல் வேறு வழியில் சேர்த்த ஐபியை அது காட்டவே காட்டாது. இருக்கிற ஐபியை இல்லை என்று நம்பித் தேடிக்கொண்டிருக்க நேரும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதை நான் சொல்லித்தரமாட்டேன்.

'ஐபி அட்ரஸ் ஆட்' கட்டளைதான் சோதனைக்குச் சரி. ஒரே வரி, உடனே பிடிக்கும். சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரே வரிசையில் இரண்டு ஐபி வைத்து முதலாவதை நீக்கினால், 'ப்ரமோட் செகண்டரீஸ்' அமைப்பு (முதலாவது போனால் இரண்டாவதை அதன் இடத்துக்கு உயர்த்துவது) இயங்காத இடத்தில் இரண்டாவதும் சேர்ந்தே நீங்கும். தூரத்திலிருந்து லாகின் செய்து வேலை பார்ப்பவருக்கு அத்தோடு தொடர்பு அறுந்துவிடும்.

நிரந்தரமாக வேண்டுமென்றால் உபுண்டு சர்வரில் நெட்பிளான், அதாவது நெட்வொர்க் அமைப்பை ஃபைலில் எழுதி வைக்கும் கருவி. ஃபைலில் இரண்டு முகவரியையும் எழுதி, 'நெட்பிளான் ட்ரை' கொடுங்கள். 120 விநாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். சர்வர் பெருந்துறையில், ஆள் கோயம்புத்தூரில் என்றால் இந்த வசதி ஒன்றுக்காகவே இதை எடுக்கலாம். டீஃபால்ட் கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழி) மட்டும் ஒன்றே இருக்கட்டும்.

இனி வி-லேன், அதாவது ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் வழி. வரிசை வேறானால் நெட்வொர்க்கும் பிரிந்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. ஒரே சாதா ஸ்விட்ச்சில் இருக்கும்வரை ஒன்றின் பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் அனுப்பும் செய்தி) மற்றதற்கும் போகும். யார் வேண்டுமானாலும் தன் கம்ப்யூட்டரில் 192.168.1 வரிசை ஐபி ஒன்றைப் போட்டு அந்த மெஷினைத் தொடலாம். தொழிலாளர்களின் கைரேகையும் சம்பளக் கணக்கும் இருக்கும் இடத்தில் இது போதாது. வி-லேன் ஃபிரேமில் (நெட்வொர்க்கில் போகும் தரவுப் பொதியில்) 4 பைட் டேக் சேர்த்து உண்மையாகவே பிரிக்கிறது. அதற்கு மேனேஜ்டு ஸ்விட்ச் (அமைப்பை நாமே மாற்றக்கூடிய ஸ்விட்ச்) வேண்டும், செலவு கூடும். ஆனாலும் கேமராவும் அட்டெண்டன்ஸும் உள்ள கம்பெனிக்கு அந்தச் செலவைச் செய்யத்தான் சொல்வேன். ஒரு மெஷினை செட்டப் செய்யும் நாலு நாளைக்கு மட்டும் என்றால் இரண்டாவது ஐபியே போதும்.

எந்த வழியானாலும், கொடுக்கப்போகும் ஐபி டிஹெச்சிபி ரேஞ்சுக்கு (ரூட்டர் போன்றவை தானாகப் பகிர்ந்து கொடுக்கும் ஐபிகளுக்கு) வெளியே இருக்க வேண்டும். வேறு யாரிடமாவது அது இருக்கிறதா என்று 'ஆர்ப்பிங்' கட்டளை போட்டுப் பார்த்த பிறகு கொடுங்கள்.