64,000 ரூபாய் கட்டி, ஓசியில் கிடைப்பதைப் பார்த்துவிட்டு வந்தோம் – கோலாலம்பூர் போகிறவர்கள் கவனம்

ஊர் திரும்பி மூன்று நாள்தான் ஆகிறது, பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் 'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு' என்று நானும் பேசாமல் இருந்துவிடுவேன்.

காரைக்குடியில் ஒரு டூர் ஏஜென்சி. மாடியில் ஏசி அறை, சுவரில் இரட்டைக் கோபுரம் படம். பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள், அதனால் இவ்வளவுதான் சொல்ல முடியும்.

அப்பத்தாவின் மாமனார் மலாயாவில் வட்டிக்கடை வைத்திருந்தவர். நாங்கள் இருக்கும் வீடே அந்தப் பணத்தில் எழும்பியதுதான். "சாகுறதுக்குள்ள பத்துமலையை ஒரு தரம் பாத்துப்புடணும்" என்று அப்பத்தா பத்து வருஷமாகச் சொல்கிறது. பிள்ளைகள் இரண்டுக்கும் மால் வேண்டாம், காடு வேண்டும், மின்மினி வேண்டும். சரி, ஊர் சுற்றுவதை எல்லாம் விட்டுவிட்டு மரம், மலை, ஆறு என்று மூன்று நாள் போட்டுத் தரச் சொன்னேன். டிக்கெட் நானே திருச்சியிலிருந்து எடுத்துவிட்டேன். தங்குவது கிள்ளானில், அப்பத்தாவின் தம்பி மகன் வீட்டில். ஆக, ஏஜென்சி செய்ய வேண்டியது கார், நுழைவுச் சீட்டு, விசா. அவ்வளவுதான். ஐந்து பேருக்கு 64,000 ரூபாய்.

கொஞ்சம் யோசிக்கத்தான் செய்தேன். அப்போதுதான் அந்த ஆள் அப்பத்தாவைப் பார்த்து, "ஆச்சி, நீங்க எந்தக் கோவில்?" என்று கேட்டான். எங்கள் நகரத்தார் சமூகத்தில் யார் பங்காளி என்பது கோவிலை வைத்துத்தான். மாத்தூர் என்றது அப்பத்தா. "அட, நானும் மாத்தூர்தான்! அப்ப நாம பங்காளிங்க அண்ணே, உங்ககிட்டயா லாபம் பாக்கப் போறேன்?" என்று எழுந்து அப்பத்தா காலில் விழுந்தான். அப்பத்தா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து விபூதி பூசிவிட்டது. அதற்கு அப்புறம் ரசீது கேட்க எனக்கு வாய் வரவில்லை. "ஆபீஸ் அக்கவுண்ட்ல சின்னப் பிரச்சினை, மச்சான் நம்பருக்குப் போட்டுவிடுங்க" என்றான். போட்டேன். 64,000 ரூபாய், ஒரே தடவையில்.

முதல் நாள் கார் வந்தது, பத்துமலைக்குப் போனோம். அப்பத்தாவால் 272 படி ஏற முடியாது என்று முன்பே சொல்லியிருந்தேன், "லிஃப்ட் இருக்குண்ணே" என்றிருந்தான். நாங்கள் போனபோது அப்படி ஒன்றும் கிடையாது. கலர் கலராகப் பெயின்ட் அடித்த படிகள், அதில் தேங்காய் மூடியைப் பறிக்கும் குரங்குகள், அவ்வளவுதான். அப்பத்தா கீழேயே முருகன் சிலை முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு அண்ணாந்து நின்றது. 42.7 மீட்டர் உயரச் சிலை, கழுத்து வலிக்கும் வரை பார்த்தது.

இறங்கி வந்தால் டிரைவர் தம்பி தயங்கித் தயங்கி, "அண்ணே, உங்க ஏஜென்ட் இன்னைக்கு அரை நாளைக்குத்தான் காசு கட்டியிருக்காரு" என்று வாட்ஸ்அப்பைக் காட்டினான். உண்மைதான். கெப்போங் வனப் பூங்காவுக்கும் இல்லை, பறவைப் பூங்காவுக்கும் இல்லை, மின்மினி பார்க்கும் கோலசிலாங்கூர் படகுக்கும் இல்லை. கெப்போங்கில் கபூர் மரங்களின் உச்சிகள் ஒன்றை ஒன்று தொடாமல் நடுவில் வானம் வாய்க்கால் மாதிரி ஓடும் என்று பையன் ஒரு மாதமாகப் படம் காட்டிக்கொண்டிருந்தான். அது போனது போனதுதான்.

உடனே போன் செய்தேன். "டவர் இல்லண்ணே." சாயங்காலம், "அங்க உள்ள பார்ட்டி ஏமாத்திட்டான்ணே, நான் பாத்துக்கறேன்." மறுநாள், "மீட்டிங்ல இருக்கேன்." மூன்றாம் நாள் ஒரு பெண் எடுத்து, "சார் வெளியூர் போயிருக்காங்க."

இரவு, நாங்கள் தங்கியிருந்த கிள்ளான் வீட்டு மாமா, ஏஜென்சி கொடுத்த பயணத் திட்டத் தாளை வாங்கிப் படித்துவிட்டுத்தான் விஷயத்தைப் புரியவைத்தார். விசா என்று தலைக்கு 3,500 வீதம் 17,500 ரூபாய் எழுதியிருக்கிறான். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு மலேசியாவில் முப்பது நாளுக்கு விசாவே தேவையில்லை. டிஜிட்டல் வருகை அட்டை ஒன்றை நிரப்ப வேண்டும், அதுவும் இலவசம். 'தாவரவியல் பூங்கா நுழைவு' என்று ஒரு வரி. 1888-இல் ஏற்படுத்திய அந்தப் பூங்காவில் யாரும் சும்மா நடந்து போகலாம். பத்துமலைப் படி ஏறக் கட்டணமா? கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறினால் சில ரிங்கிட்டில் கோவில் பக்கத்திலேயே இறங்கலாமாம். ஓசியில் கிடைப்பதற்கெல்லாம் விலை போட்டிருக்கிறான், நிஜமாகவே காசு கட்ட வேண்டிய இடங்களுக்கு மட்டும் கட்டவில்லை. இதில் உச்சம், 'மாலை 3 மணி, மின்மினி பார்த்தல்'. அங்கே இருட்டவே ஏழரை ஆகும்! படிக்காமல் தலையாட்டியது என் தப்பு.

கடைசி ராத்திரி மாமாவே காரில், கோலசிலாங்கூர் பக்கம் மின்மினிப் படகு விடும் கம்போங் குவாந்தானுக்குக் கூட்டிப் போனார். மோட்டார் இல்லாத துடுப்புப் படகு. ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்கள் நெடுக மின்மினிகள், திருவிழா சீரியல் பல்பு மாதிரி சேர்ந்து எரிகின்றன, சேர்ந்து அணைகின்றன. அப்பத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. படகுக் காசை மாமா வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். 64,000 ரூபாயைத் தொலைத்துவிட்டு சொந்தக்காரர் செலவில் ஊர் பார்த்த வெட்கம் இன்னும் போகவில்லை.

போகிறவர்களுக்கு விவரமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: விசாவுக்கு என்று காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மச்சான் நம்பர், மாமா நம்பர் எதற்கும் பணம் போடாதீர்கள். எந்தக் கோவில் என்று கேட்டால் சொல்லுங்கள், ஆனால் பில்லும் வாங்குங்கள். ஆன்லைனில் பணம் போட்டு ஏமாந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும், நுகர்வோர் புகாருக்கு 1915-க்கும் கூப்பிடலாம், நான் கூப்பிட்டிருக்கிறேன்.

இன்று காலை நேரிலேயே போனேன். ஆள் இருந்தான். காபி சொன்னான். "பணமாத் தர முடியாதுண்ணே, அடுத்த மாசம் பாலிக்கு ஒரு குரூப் போகுது, அதுல உங்க 64,000-ஐக் கழிச்சுக்கறேன். அப்பத்தாவையும் கூட்டிட்டு வாங்க" என்கிறான். காபியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.