அம்மாவின் கைரேகை

14 ஆண்டுகளாக ஜெர்மனியில் வசிக்கும் நான், இம்முறை குமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் தங்கிய மூன்று வாரங்களில் ஒரு முழு நாளை அம்மாவின் விரல்களுக்காகவே செலவிட்டேன். அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். அவர் மறைவுக்குப் பின் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அதற்காக, உயிரோடு இருப்பதை ஆண்டுதோறும் காட்டும் நேர்காணலை ஆதார் கைரேகை வைத்தே முடித்துவிடலாம் என்று கேட்டு, மகிழ்ச்சியோடு ஒரு மையத்துக்கு அழைத்துச் சென்றேன்.

வலது பெருவிரலைக் கருவி ஏற்கவில்லை. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பத்து விரல்களையும் வைத்துப் பார்த்தும் ரேகை விழவில்லை. "எனக்க ரேகைய ஆசிட்டு தின்னுட்டு மக்களே" என்று அம்மா தாழ்ந்த குரலில் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. முப்பது ஆண்டுகள் விடியுமுன் எழுந்து ரப்பர் வெட்டி, சிரட்டைப் பாலைச் சேர்த்து, ஆசிட் ஊற்றி உறையவைத்து, ஷீட் அடித்த கைகள் அவை. எங்கள் மலையோர ஊர்களில் அப்படித் தேய்ந்த விரல்கள் எத்தனையோ உண்டு. உழைப்பில் அழிந்துபோன ரேகையையே ஆளுக்குச் சான்றாகக் கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை.

முன்பு இதற்காகத் தக்கலையிலுள்ள கருவூல அலுவலகத்துக்குப் பேருந்தில் போய் அரை நாள் காத்திருக்க வேண்டும். அலைச்சல்தான், ஆனால் எழுத்தர் படத்தையும் முகத்தையும் ஒருமுறை பார்த்து, "சுகமா இருக்கியளா அம்மா?" என்று கேட்டுக் கையெழுத்து வாங்கிவிடுவார்.

மறுநாள் தபால்காரர் வீட்டுக்கே வந்தார். கட்டணம் 70 ரூபாய். 2014 நவம்பரில் தொடங்கிய டிஜிட்டல் உயிர்வாழ் சான்றிதழ் திட்டத்தில், 2021 நவம்பர் முதல் முகத்தைக் கொண்டே சரிபார்க்கும் வசதியும் இருக்கிறது. மையத்தில் யாரும் அதைச் சொல்லவில்லை. தபால்காரர் கைப்பேசியை நீட்டி அம்மாவைக் கண்ணை இமைக்கச் சொன்னார். மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டது. அம்மாவின் முகம் மலர்ந்தது. இருபது ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்குக் கடிதம் கொண்டுவரும் மனிதர் அவர். அம்மா உயிரோடு இருப்பதை எதிரில் நின்று பார்க்கிறவரின் சொல் செல்லாமல், அவர் கையிலுள்ள கைப்பேசியின் சொல்தான் செல்லும் என்பது என்னை வெகுநேரம் உறுத்திக்கொண்டிருந்தது.

சந்தையில் மீன் விற்கும் அக்கா முப்பது ரூபாயையும் யுபிஐயில் வாங்குவதைக் கண்டு பெருமைப்பட்டவன்தான் நான்; ஸ்டுட்கார்ட்டில் நான் ரொட்டி வாங்கும் கடையில் இன்றும் சில்லறைதான் கேட்கிறார்கள், அரசு அலுவலகங்கள் இன்றும் தாளில் கடிதம் அனுப்புகின்றன. ஆனால் அங்கே கணினி தடுமாறும்போது, மேசைக்குப் பின்னால் இருப்பவர் என் முகத்தைப் பார்த்துத் தாமே முடிவெடுத்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த அதிகாரத்தை நம் ஊர் ஊழியருக்கும் கொடுக்க வேண்டும்.

ரப்பர் வெட்டிய, வலை இழுத்த பெற்றோருக்கு ஓய்வூதியம் வருமானால், விரல்களோடு போராடாமல் நேராகத் தபால்காரரிடம் சொல்லுங்கள். ஆதார், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி ஆகியவற்றை எடுத்துவைத்து, வெளிச்சமுள்ள திண்ணையில் அவர்களை உட்காரவையுங்கள்.