கும்பப்பூவுக்கு (நம்மூர் ரெண்டாம் போக நெல்லுக்கு) எந்த வித்து: பழைய பிபிடி ரகமா, மூணு ஜீன் சேத்த சம்பா மசூரியா?

எங்க வயலு கன்னியாகுமரி மாவட்டம் தேரூர் பக்கம், கடைமடையில கெடக்கு. மேல உள்ள வயல் தண்ணி எல்லாம் மடை வழியா இறங்கி எங்களுக்குதான் வந்து சேரும், அதுனால மேல ஒருத்தர் வயல்ல பாக்டீரியாவால வர்ற இலைக்கருகல் நோய் வந்தா நான் எவ்வளவு சுத்தமா பயிர் வச்சிருந்தாலும் எனக்கும் வந்துரும்.

காலையில வெயில் ஏறதுக்கு முன்ன போய் பாத்தா இலை ஓரத்துல பால் மாதிரி துளி நிக்கும், அது காய்ஞ்சா மஞ்சளா கடுகு மாதிரி ஒட்டிக்கிடும். அது முழுக்க பாக்டீரியாதான். மழையில தெறிச்சு, காத்துல இலையோட இலை உரசி, வாய்க்கா தண்ணியில மிதந்துன்னு பரவும். இலை நுனியில தண்ணி கசியுற துவாரம், காயம், இதுதான் அதுக்கு வாசல். நாத்து உயரமா இருக்குன்னு நுனியை அரிவாளால கிள்ளிட்டு நடுவோம்லா, அந்த வாசலை நம்மளே திறந்து விட்ட மாதிரி, தயவுசெய்து அதை நிறுத்துங்க. சந்தேகம்னா கருகுன இலையை வெட்டி கண்ணாடி டம்ளர் தண்ணியில நிப்பாட்டுங்க, வெட்டுன இடத்துல இருந்து வெள்ளையா புகை மாதிரி இறங்குனா இதேதான்.

பிபிடி 5204, நம்ம எல்லாரும் சொல்ற சம்பா மசூரி, 1986-ல வந்தது. சன்ன அரிசி, சோறு பிரமாதம், ஆனா இந்த நோய்க்கு முன்னால நிக்கவே நிக்காது. அதுலயும் ஐப்பசி கார்த்திகை மழையில யூரியாவை அள்ளி போட்டு கரும்பச்சையா வளத்துட்டா கேக்கவே வேண்டாம். வந்தப்புறம் மருந்தடிச்சு மீட்ட ஒரு வயலையும் நான் பாத்ததில்ல. சாணிப்பால் கரைசல் 20 சதவீதம் ஆரம்பத்துலயே அடிச்சா கொஞ்சம் தாங்கும், யூரியாவை பிரிச்சு போட்டு பொட்டாஷ் குடுத்தா கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான்.

2008-ல ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிலையமும் சிசிஎம்பிங்கிற உயிரியல் ஆராய்ச்சி மையமும் சேந்து இதே பிபிடியில எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ21னு மூணு எதிர்ப்பு ஜீனை ஏத்தி இம்ப்ரூவ்டு சம்பா மசூரின்னு விட்டாங்க. மரபணு மாற்று நெல்லு இல்ல, சாதாரணமா ஒட்டுக்கட்டி, ஜீன் வந்துருக்கான்னு மார்க்கர்ங்கிற டிஎன்ஏ அடையாளத்தை வச்சு பாத்து எடுத்தது. எதுக்கு மூணுன்னா, ஒத்தை ஜீனை பாக்டீரியா கொஞ்ச வருஷத்துல தாண்டிரும், ஐஆர்20 மாதிரி ரகங்கள்ல இருந்த எக்ஸ்ஏ4-க்கு பல எடத்துல அதான் நடந்துச்சு. எக்ஸ்ஏ21 ஆப்பிரிக்க காட்டு நெல்லுல இருந்து வந்தது, பலசாலிதான், ஆனா பயிர் வளந்தப்புறம்தான் முழு வேகம் காட்டும், இளம் நாத்துல வலு கம்மி. எக்ஸ்ஏ13 வேலை செய்யுற விதமே வேற. பயிருக்குள்ள சர்க்கரையை வெளிய விடுற ஒரு ஜீன் இருக்கு, பாக்டீரியா அதோட சுவிட்சை போட்டுதான் தின்னு பெருகும், இதுல அந்த சுவிட்சு மாறி இருக்கதால அதுக்கு தீனி கிடைக்காது.

அரிசி அதே சன்னம், ருசியும் அதே. இன்னொன்னு, பிபிடியை விட ஏழெட்டு நாள் முந்தி அறுப்புக்கு வந்துரும். பிப்ரவரி கடைசியில பேச்சிப்பாறை அணையை அடைச்சிருவாங்க, அதுனால நமக்கு அந்த ஏழெட்டு நாள் சும்மா இல்ல.

குறை இல்லாம இல்ல. பூஞ்சாணத்தால வர்ற குலைநோய்க்கும், புகையான் பூச்சிக்கும் இந்த மூணு ஜீனும் ஒண்ணும் செய்யாது. வித்து கிடைக்கறதும் பாடு, கடையில சம்பா மசூரின்னு மட்டும் கேட்டா பழசையே தந்துருவாங்க, பையில பேரை வாசிச்சு பாத்து வாங்குங்க. அப்புறம் நம்மூர்ல வீட்டுச் சோத்துக்கு குண்டு அரிசிதான் வேணும், அதுக்கு அம்பை 16, டிபிஎஸ் 3 எல்லாம் இருக்கு, சன்னம் விக்கணும்னு நினைக்கிறவங்களுக்குத்தான் இந்த யோசனையே.

மேட்டுல, தலைமடையில, சொந்த தண்ணி பாச்சுறவரு பிபிடி வச்சாலும் உரத்தை அடக்கி போட்டா ஓட்டிரலாம். என்னை மாதிரி கடைமடைக்காரன் வைக்கக் கூடாது. இந்த கும்பப்பூவுக்கு பள்ளத்துல உள்ள ஒரு ஏக்கருக்கும் புதுசுதான் விதைக்கப் போறேன், மேல் வயல் அண்ணன்கிட்டயும் சொல்லியிருக்கேன், அவரும் மாத்துனா எனக்கு இறங்குற தண்ணியில கிருமி குறையும்.