தங்கம் அசல், வயதுதான் பொய்

சுவிஸில் பழைய தங்கக் காசு வாங்க நினைக்கும் நம் ஆட்கள், காசைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 1,900 பிராங் கொடுத்து ஆறு காசு வாங்கினேன். ஆறிலும் ஏமாந்தேன்.

மகளின் சாமத்திய வீடு வந்தது. நகையோடு, நூறு வருடம் தாண்டிய சின்னக் காசுகள் சிலவற்றையும் அவள் கையில் கொடுக்க ஆசைப்பட்டேன். 2023 ஒக்டோபரில் சூரிச்சில் ஒரு பழைய பொருள் கடைக்குப் போனேன். கடைக்காரர் மிகவும் மரியாதையாகப் பேசினார். சிவப்பு வெல்வெட் பெட்டியில் டுக்காட் என்ற ஆஸ்திரியத் தங்கக் காசு மூன்று, எல்லாம் 1915. பக்கத்தில் இரண்டு 4 புளோரின் காசு, 1892. "ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃப் உயிரோடிருந்தபோது அடித்தவை, போருக்குத் தப்பியவை" என்றார். கடைசியாக வ்ரெனெலி என்ற சுவிஸ் 10 பிராங் தங்கக் காசு ஒன்றை எடுத்து வைத்தார். 1911. அந்த ஆண்டு ஒரு இலட்சம் காசுதான் அடித்தார்கள், அதனால் விலை கூட என்றார். அந்த எண்ணிக்கை உண்மைதான்.

நான் கேட்டதெல்லாம் தங்கம் சுத்தமா, நிறை சரியா என்பதுதான். எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். ஊரில் பவுண் என்று நாம் சொல்வதே பிரிட்டிஷ் சவரன் காசின் 7.98 கிராமிலிருந்து வந்த கணக்கு. உரைத்துப் பார்ப்போம், நிறுத்துப் பார்ப்போம், சரியென்றால் வாங்கிவிடுவோம். அவர் டுக்காட்டைத் தராசில் வைத்தார்: 3.49 கிராம். தரம் 986, அதாவது ஆயிரத்தில் 986 பங்கு தங்கம். நான் திருப்தியாகப் பணத்தைக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, காப்புறுதிக்கு விலை போட இன்னொரு நாணய வியாபாரியிடம் கொண்டுபோனேன். அவர் டுக்காட்டைக் கையில் எடுத்து, ஆண்டைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டார். 1915 என்ற ஆண்டை அப்படியே வைத்து வியன்னா நாணயச்சாலை இன்றைக்கும் டுக்காட் அடித்துக்கொண்டிருக்கிறது. 1892 புளோரினும் அப்படித்தான். ஜெர்மனில் இதற்கு நாக்பிரேகுங் என்று பெயர், அதாவது மறு அச்சு. அது கள்ளக் காசு இல்லை. அரசு அடித்த நல்ல தங்கம். ஆனால் தங்க விலைக்கு மேல் கொஞ்சம்தான் பெறும். நான் கொடுத்தது பழமைக்கான விலை. என் காசுகள் என் மகளைவிட இளையவையாகக்கூட இருக்கலாம்.

வ்ரெனெலி உண்மையிலேயே பழையதுதான். ஆனால் யாரோ அதற்கு வளையம் ஒட்டிப் பதக்கமாகப் போட்டிருக்கிறார்கள். பிறகு வளையத்தைக் கழற்றி விளிம்பை அராவியிருக்கிறார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேல் விளிம்பில் கோடுகள் மழுங்கி, பற்றவைத்த தடம் தெரிகிறது. 3.22 கிராம் இருக்கவேண்டியது 3.17தான் காட்டியது. அந்தக் கடையில் டுக்காட்டை நிறுத்துக் காட்டியவர் இதை மட்டும் நிறுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேகரிப்பவர்கள் இதைத் தொடமாட்டார்கள், எல்லாவற்றையும் தங்க விலைக்கு எடுப்பதென்றால் 1,030 பிராங் தரலாம் என்றார் அந்த நாணய வியாபாரி.

திரும்பக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ரசீதைக் காட்டச் சொன்னார். அதில் "தங்க டுக்காட், 1915" என்று மட்டும் இருந்தது. காசிலும் 1915 தானே இருக்கிறது, நான் என்ன பொய் எழுதினேன் என்று கேட்டார். பொய்யெல்லாம் வாயால் சொன்னவை. ஒரு பிராங்கும் திரும்பவில்லை.

அதனால், பழசு என்று சொல்லி யாராவது விற்றால், அந்தக் காலத்து மூல அச்சு என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆஸ்திரியக் காசு மட்டுமல்ல, சுவிஸ் 20 பிராங் வ்ரெனெலியில் 1935 என்ற எண்ணுக்கு முன்னால் 'எல்' (L) எழுத்து இருந்தால் அது 1945 முதல் 1947 வரை அடித்தது. பிரான்சின் சேவல் போட்ட 20 பிராங்கில் 1907 முதல் 1914 வரையான ஆண்டுகள் போட்டு 1950களில் ஏராளமாக அடித்தார்கள். தங்க முதலீட்டுக்கு இவை எல்லாமே நல்லவை, நானே இனியும் வாங்குவேன், தங்க விலைக்கு. எந்தக் காசானாலும் விளிம்பை முழுச் சுற்றும் திருப்பிப் பாருங்கள், ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுக்கச் சொல்லுங்கள்.

போன சனிக்கிழமை அந்தத் தெருவால் நடந்தேன். கண்ணாடிக்குள் அதே சிவப்பு வெல்வெட்டில் புதிதாக நான்கு டுக்காட் இருந்தன. எல்லாம் 1915.